பதில் சொல்ல வேண்டிய மந்திரி

எங்கள் ஊரில் சுல்தான் ஆவதற்குக் குதிரைப்படை தேவையில்லை. கல்யாணம் நிச்சயமானால் போதும். ஒரு வாரத்துக்கு மாப்பிள்ளைதான் சுல்தான். பேரீச்சந்தோப்பில் பாய் விரித்தால் அது அரசவை, பாயின் மேல் மெத்தை போட்டால் அது சிம்மாசனம். மாமாவின் பெட்டியிலிருந்து வரும், பாச்சை உருண்டை வாடை போகாத வெள்ளைக் கம்பளி மேலங்கி ராஜ உடை. கோடை வெயிலில் அதன் தலைமூடியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், அதிகாரம் எவ்வளவு புழுக்கமான சமாசாரம் என்பது யாருக்கும் புரியும்.

சுல்தான் இருந்தால் மந்திரி வேண்டும். மாப்பிள்ளைத் தோழனை நாங்கள் ‘வஸீர்’ என்போம். மந்திரி என்றுதான் அர்த்தம். தலைநகர் துனிஸில் காரில் போகிற மந்திரிகளைவிட எங்கள் மந்திரிக்கு வேலை அதிகம். சுல்தானின் செருப்பை யாரும் திருடாமல் காக்க வேண்டும். திருடிவிட்டால் திருடியவர்களுக்கு ஆட்டுக்கறி விருந்து வைத்து மீட்க வேண்டும். சுல்தானுக்குத் தாகம் என்றால் மந்திரி தண்ணீர் கேட்க வேண்டும். முதலிரவில் அறை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, உள்ளேயிருந்து கதவைத் தட்டிச் சேதி சொல்லும்வரை வெளியே காவல் நிற்க வேண்டும். குறும்புக்காரர்கள் நெருங்காதபடி அவ்வப்போது இருமிக்கொள்ளவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, யாராவது சுல்தானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சுல்தான் வாய் திறக்கக்கூடாது. மந்திரிதான் பதில் சொல்ல வேண்டும்.

ஏன் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கூப்பிட்ட பெயருக்கு மாப்பிள்ளை பதில் சொல்கிற அதே நொடியில் யாராவது ஒரு மடக்குக் கத்தியை மடக்கினால், ஒரு பூட்டை அழுத்தினால், மாப்பிள்ளை பூட்டப்பட்டுவிடுவார். முதலிரவு மற்ற இரவுகளைப் போல வெறுமனே விடியும். மடக்கிய அதே கை, அதே கத்தியை மாப்பிள்ளைக்கு எதிரில் திறந்தால்தான் விடுதலை.

லஸ்ஹரின் கல்யாணத்துக்கு மந்திரியாக இருந்தவர் மோங்கி. பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். நாற்பதை நெருங்கியவர், லஸ்ஹருக்குச் சிறுவயது முதல் சிநேகிதர். இது அவருடைய மூன்றாவது மந்திரி பதவி என்பதால் நடையிலேயே ஒரு மூத்த நிர்வாகியின் சாயல் வந்திருந்தது. இந்தக் கத்தி, பூட்டு விஷயங்களில் தனக்கு நம்பிக்கை கிடையாது என்பதைக் காப்பிக்கடையில் சொல்லாத நாள் இல்லை. “பண்பாட்டு மரபு என்ற அளவில் மட்டும் இந்தப் பொறுப்பை ஏற்கிறேன்” என்று சொல்லித்தான் ஏற்றார். ஒரு சிவப்புக் குஞ்சலத் தொப்பியும் புதிதாக வாங்கிக்கொண்டார்.

சம்பவம் நடந்தது முதலிரவுக்கு முந்தைய மாலை, தோப்பில். சுல்தான் தலைமூடிக்குள் அவிந்துகொண்டிருந்தார். மந்திரி பக்கத்தில் சம்மணமிட்டு, மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மரப்பிடி மடக்குக் கத்தியால் முலாம்பழம் நறுக்கிக்கொண்டே வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“நரம்பு மண்டலம்னு ஒண்ணு இருக்கு. பயந்தா அது சுருங்கும். அவ்வளவுதான் விஷயம். கத்திக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நியூட்டன் எங்கயாவது சொல்லிருக்கானா?”

“நியூட்டன் கல்யாணமே பண்ணிக்கலையே வாத்தியாரே,” என்றான் மேளக்காரன். “யாரோ பூட்டிட்டாங்க போல.”

பாயின் மறுகோடியில் லஸ்ஹரின் பெரிய மாமா, ஹாஜியார் நஃப்தி, தாம் ஊர்த்தலைவராக இருந்தபோது ஒரு கவர்னரே தம் வீட்டுத் திண்பண்டத்தைக் கேட்டு வாங்கித் தின்ற வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். வேறு வழியில்லை, ஹாஜியார் பேசும்போது வேறு பக்கம் பார்ப்பவர்களைப் பெயர் சொல்லி எழுப்புவார்.

அப்போதுதான் மப்ரூக்கா சாச்சி வந்தார். லஸ்ஹரின் அடுத்த வீடு. புருஷன் போன பிறகு தெருவுக்கே மண்ணடுப்பில் ரொட்டி சுட்டுக் கொடுப்பவர். பேரீச்சை வைத்த ரவைப் பலகாரத்தை ஒரு நீலத் தட்டு நிறைய அடுக்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தவர், தலைமூடிக்குள் இருந்த முகத்தைக் குனிந்து பார்த்தார்.

“லஸ்ஹர்! ஏதாவது சாப்பிட்டியாடா கண்ணு?”

மந்திரி பதில் சொல்லியிருக்க வேண்டும். மந்திரியின் வாய் நிறைய முலாம்பழம்.

முப்பது வருஷமாக அந்தக் குரல் கேட்டதும் பதில் சொல்லிப் பழகிய சுல்தான், “சாப்பிட்டேன் சாச்சி” என்றார்.

டக்.

மோங்கி கையைப் பார்த்தார். பழம் தீர்ந்துவிட்டிருந்தது. கத்தி மடங்கியிருந்தது. மடக்கியது அவருடைய கட்டைவிரல்தான்.

வேறு யாருக்கும் கேட்கவில்லை. ஹாஜியாரின் கவர்னர் அப்போது கை கழுவிக்கொண்டிருந்தார்.

இதில் ஒன்றுமே இல்லை என்று மோங்கி தமக்குள் சொல்லிக்கொண்டார். எஃகும் மரமும் சேர்ந்த ஒரு பொருள், விசையால் மடங்கியது. கத்தியைத் திறந்துவிட்டால் மனசு சரியாகிவிடும். ஆனால் திறந்தால் தான் நம்புகிறவன் என்று ஆகிவிடுமே? இத்தனை வருஷம் வகுப்பில் சொன்னதெல்லாம் என்னாவது? திறக்காமல் விட்டாலோ... திறக்காமல் விட்டால் ஒன்றும் ஆகாது. அறிவியல்படி ஒன்றும் ஆகாது. அறிவியலுக்கு மரியாதை செலுத்தும் விதமாகக் கத்தியை மடங்கியபடியே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அங்கே அது ஒரு தேளைப் போல உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் மாலை சுல்தானை அறை வாசலில் விட்டுவிட்டுக் காவல் நின்றபோது, உள்ளேயிருந்து தட்டும் சத்தத்துக்காக அவர் காத்திருந்த மாதிரி இதற்கு முன் எந்த மந்திரியும் காத்திருந்திருக்க மாட்டார். தட்டும் சத்தம் வரவில்லை. இருமினார். வரவில்லை. கடமையில் எங்காவது குறை வைத்துவிட்டோமோ என்று இன்னும் பலமாக இருமினார். குற்றவுணர்ச்சி எல்லாம் இருமலாகத்தான் வெளியே வந்தது. விடியும்போது குரல் போயிருந்தது.

காலையில் சுல்தான் வெளியே வந்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கென்றே முற்றத்தில் சொந்தபந்தம் கூடியிருந்தது. தலைமூடி தாடைவரை இறங்கியிருந்தது. ஒரு குவளைத் தண்ணீர் குடித்தார், ஒரு வார்த்தை பேசாமல் தள்ளாடியபடி மறுபடியும் உள்ளே போய்விட்டார்.

ஹாஜியார் கைத்தடியைத் தரையில் ஊன்றினார்.

“பூட்டிட்டாங்க.”

மந்திரிசபை உடனே கூடியது. பூட்டப்பட வேண்டுமென்றால் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். யார் கூப்பிட்டது? மேளக்காரனுக்கு நினைவு வந்தது. “மப்ரூக்கா சாச்சிதான் தட்டோட வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. பாவம், சாப்பிட்டியான்னு கேட்டாங்க.”

“சாப்பிட்டியான்னுதான் கேப்பாங்க. உன்னைப் பூட்டப்போறேன்னு சொல்லிட்டா பூட்டுவாங்க?” என்றார் ஹாஜியார். காரணம் கிடைக்கவும் நேரமாகவில்லை. சாச்சியின் தங்கை மகளை லஸ்ஹருக்குக் கேட்கலாமா என்று எப்போதோ யாரோ பேசியிருந்தார்கள். பேசியவர் ஹாஜியாரேதான். அதை நினைவுபடுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

எல்லோரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். போனார்கள் என்றால், உள்ளே நுழைந்தார்கள். அந்தத் தெருவில் தாழ்ப்பாள் போடாத கதவு சாச்சியுடையது ஒன்றுதான். ரொட்டிக்கும் உப்புக்கும் நெருப்புக்கும் யார் வேண்டுமானாலும் நேரே போகலாம். தாழ்ப்பாள் துருவேறி, திறந்தபடியே உறைந்து போயிருந்தது.

“வீட்ல இருக்கிற கத்தி, பூட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வா,” என்றார் ஹாஜியார்.

மாவு ஒட்டிய கையோடு நின்ற சாச்சிக்குச் சற்று நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் அடுப்பிலிருந்து எடுத்த கல்போல ஆனது. உள்ளே போய் ஒரே ஒரு கத்தியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். ரொட்டி அறுக்கிற கத்தி. முழங்கை நீளம்.

“மடக்கிக் காட்டுங்க ஹாஜியாரே,” என்றார். “எங்க வீட்ல பூட்டே கிடையாது. திருடறதுக்கு என்ன இருக்கு?”

“மடக்குக் கத்தியை எங்க ஒளிச்சே?”

“என் ரெண்டு கையிலயும் தட்டு இருந்துச்சு.” சாச்சி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். சிவப்புத் தொப்பியில் கண் நின்றது. “மோங்கி, நீதானே பக்கத்துல உக்காந்திருந்தே. படிச்ச பையன். என் கையில என்ன இருந்துச்சுன்னு நீயே சொல்லுப்பா.”

முற்றமே திரும்பி மோங்கியைப் பார்த்தது. சட்டைப்பையில் கத்தி கனத்தது. சாச்சி கேட்டது கத்தியைப் பற்றிக்கூட இல்லை, தட்டைப் பற்றி. ‘தட்டு இருந்தது’ என்று சொன்னால் போதும். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி ‘பின்னே யார் கையில் கத்தி இருந்தது’ என்று வரும். தோப்பில் அன்று பழம் நறுக்கியது யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“நான்...” போன குரலில் அது முனகலாகத்தான் வந்தது. “நான் கவனிக்கல சாச்சி.”

சாச்சி அவரையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. கடையில் கொடுத்த காசு செல்லாது என்று திருப்பித் தந்ததும் அதைப் புரட்டிப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

ஹாஜியார் தீர்ப்புச் சொன்னார். பிற்பகல் அஸர் தொழுகைக்குள் சாச்சி வந்து, எல்லோர் முன்னிலையிலும் மாப்பிள்ளையின் பூட்டைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டது எதற்கும் அந்த வாசல் கிடையாது. தெருவில் ஒரு வீடும் அவரிடம் ரொட்டி வாங்காது.

மோங்கி வீட்டுக்குப் போய் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு கத்தியைத் திறக்கப் பார்த்தார். வரவில்லை. நகத்தால் நெம்பினார், பல்லால் இழுத்தார். பழச்சாறு காய்ந்து பிசினாகி மூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. இது சர்க்கரையின் ஒட்டும் தன்மை என்று அறிவு சொன்னது. நெற்றி வேர்த்தது. கத்தியை வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி நஜாத் வந்து நின்றாள்.

“என்னங்க, கத்திக்குக் கஷாயம் வைக்கிறீங்களா?”

சொல்லிவிட்டார். முழுவதையும். நஜாத் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார்; சிரித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“அந்தம்மா உங்களைத்தானே கேட்டாங்க?”

“ஊரே பார்த்துட்டிருந்துச்சு நஜாத். அறிவியல் வாத்தியார் கத்திய மடக்கி மாப்பிள்ளையைப் பூட்டிட்டார்னு நாளைக்கு ஒண்ணாம் வகுப்புப் பசங்ககூட...”

“பூட்டுனீங்களா இல்லையா?”

“அதெல்லாம் மூடநம்பிக்கை!”

“அப்ப எதுக்கு வெந்நீரு?”

நஜாத் கத்தியை எடுத்துத் துடைத்து அவர் கையில் வைத்தாள். “நம்புறீங்களோ இல்லையோ, அது உங்க பாடு. நமக்குப் பிரசவம் ஆனப்ப நாப்பது நாளும் ரொட்டி சுட்டுக் கொண்டாந்து வெச்சது அந்தக் கைதான். போய்ச் சொல்லுங்க.”

அஸர் முடிந்து முற்றம் நிறைந்தது. மப்ரூக்கா சாச்சி வந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. சுவரோரம் மாதுளைச் செடியருகில் நின்றார். ஹாஜியார் தொண்டையைச் செருமி, ஊர்த்தலைவர் காலத்துக் குரலை எடுத்தார். “அன்பர்களே! நம் குலத்தின் மானத்துக்கு நேர்ந்த இந்த...”

“கத்தி என்னோடது,” என்றார் மோங்கி, கம்மிய குரலில்.

ஹாஜியாருக்குத் தம் பேச்சு நடுவில் வெட்டப்பட்டதுதான் முதலில் உறைத்தது. “மந்திரியாரே, நான் பேசிட்டிருக்கேன்.”

“சாச்சி கையில தட்டு இருந்துச்சு. ரெண்டு கையிலயும். அவங்க கூப்பிட்டப்ப நான் பதில் சொல்லியிருக்கணும். வாயில பழம் இருந்துச்சு. லஸ்ஹர் பதில் சொன்னான். நான் கத்திய மடக்கினேன். காலையில கேட்டப்ப கவனிக்கலைன்னு சொன்னது பொய்.”

“வாத்தியாரே, நீங்களுமா?” என்றான் மேளக்காரன், ஏதோ ஒரு கோட்டை விழுந்ததைப் பார்த்தவன்போல.

“சுல்தானைக் கூப்பிடுங்க!” என்றார் ஹாஜியார். “அவர் எதிர்ல திறக்கட்டும்.”

சுல்தானை எழுப்ப நேரமாயிற்று. மேலங்கி கசங்கி, தலைமூடி ஒரு பக்கமாகச் சரிய வந்து நின்றார். மோங்கி கத்தியை நீட்டி நகத்தால் நெம்பினார். திறக்கவில்லை. மறுபடி நெம்பினார். விரல் வழுக்கியது.

“என்னடா பண்றே?” என்றார் சுல்தான்.

சுல்தான் பேசிவிட்டார்! இரண்டு கிழவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். விஷயத்தை மேளக்காரன் சுருக்கமாகச் சொன்னான். லஸ்ஹர் தலைமூடியைப் பின்னால் தள்ளினார். கண் இரண்டும் தூங்கிச் சிவந்திருந்தன.

“கத்தியாவது பூட்டாவது! ராத்திரி முழுக்கக் கதவுக்கு வெளியில தண்ணி மோட்டார் மாதிரி இருமிட்டே நின்னான் இவன். நான் என்ன பண்ணட்டும்? என் பொண்டாட்டி வசீலா நர்சு வேற. ‘இந்த ஆளுக்குக் காசநோய் இருக்கு, நாளைக்கே சளி பரிசோதனைக்கு அனுப்பணும்’கிறா. ஒவ்வொரு இருமலுக்கும் சிரிக்கிறா. அவ சிரிக்க நான் சிரிக்க, பேசிட்டே விடிஞ்சுபோச்சு.”

உள்ளறையிலிருந்து, மணப்பெண்ணுக்கு ஆகாத ஒரு சிரிப்பு கேட்டது.

“காலையிலயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!” என்றார் ஹாஜியார்.

“சுல்தான் வாய் திறக்கக்கூடாதுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க. மந்திரி பேசுவான்னு இருந்தேன். மந்திரி என்னை ஒரு வார்த்தை கேக்கல. நானும் போய்த் தூங்கிட்டேன்.”

முதலில் மேளக்காரன் சிரித்தான். பிறகு முற்றமே சிரித்தது. யாரோ மோங்கியின் முதுகில் தட்டி இருமிக் காட்டினார்கள். கிழவர்கள் இருமினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். ஹாஜியார்கூட, இதைத் தாம் ஆரம்பத்திலிருந்தே சந்தேகித்தது போன்ற முகத்தோடு புன்னகைத்தார். சிரித்து ஓய்ந்தபோது மோங்கி மாதுளைச் செடிப் பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை.

“சாச்சி எங்கே?” என்றார் லஸ்ஹர். “எதுக்கு வந்தாங்க?” எதற்கு வரவழைக்கப்பட்டார் என்று மேளக்காரன் சொன்னதும் சுல்தானின் முகம் மாறியது. செருப்பைத் தேடினார். “என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க! நான் போறேன்.”

ஹாஜியாரின் கைத்தடி குறுக்கே வந்தது. “வாரம் முடியாம சுல்தான் அடுத்த வீட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது. ஏதாவது சொல்லணும்னா மந்திரி போய்ச் சொல்லட்டும். அதுக்குத்தானே மந்திரி?” ஹாஜியார் சார்பிலும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா என்று மோங்கி கேட்டார். “அவங்க அவங்க தப்ப அவங்க அவங்க சொல்லட்டும். நான் விசாரிச்சேன், அவ்வளவுதான்,” என்று சொல்லிவிட்டு ஹாஜியார் மேளத்தைத் தொடங்கச் சொன்னார்.

சாச்சியின் நீலத் தட்டு லஸ்ஹர் வீட்டு அடுப்படியில் கழுவாமல் கிடந்தது. எல்லோரும் மறக்காமல் அதிலிருந்த பலகாரத்தை மட்டும் தின்று முடித்திருந்தார்கள். மோங்கி அதைத் தாமே கழுவினார், கல்யாண வீட்டு இறைச்சியும் பேரீச்சையும் நிரப்பினார், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தார். என்ன சொல்வதென்று மனதுக்குள் எழுதிப் பார்த்தார். சுல்தான் சார்பில் சொல்வது எளிதாக இருந்தது. தன் சார்பில் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் வாக்கியம் உடைந்தது.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போவதுதான் அந்த வீட்டுப் பழக்கம். அவருக்குத் தள்ளத் தோன்றவில்லை.

“மப்ரூக்கா சாச்சி!”

உள்ளே அடுப்பில் குச்சி முறியும் சத்தம்.

“சாச்சி, லஸ்ஹர் மன்னிப்புக் கேக்கச் சொன்னான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. தூங்கிட்டான்.” கதவருகே ஓரடி வைத்தார். “எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கவனிக்கலைன்னு சொன்னேன்.”

காலடி ஓசை கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. தட்டைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார், கதவு திறந்தால் வாங்கிக்கொள்ள வசதியாக.

“மோங்கி?” என்றது குரல். கோபம் இல்லாத, ரொட்டி எத்தனை வேண்டும் என்று கேட்கிற அதே குரல்.

“இங்கதான் இருக்கேன் சாச்சி,” என்றார், நன்றியோடு.

துருப்பிடித்த தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. பல வருஷமாக அசையாதது. இரண்டு முறை தயங்கி, மூன்றாவது முறை முழுசாக நகர்ந்து குழிக்குள் உட்கார்ந்தது.

டக்.

மோங்கி தட்டோடு அங்கேயே நின்றார். அடுத்த முற்றத்தில் மேளம் முழங்கியது. யாரோ மந்திரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை.